கணக்கு வாசிக்கும் நேரம்

எங்கள் ஊர் வாசகசாலைச் சங்கத்தின் பெயரில் வங்கியில் ஒரு வைப்புத்தொகை இருக்கிறது. கட்டடத்தின் கூரை ஒழுகுகிறது. அந்தப் பணத்தை எடுத்து ஓடு மாற்றலாம் என்று போன மழைக்காலத்தில் முடிவெடுத்து, பொருளாளரும் நானும் வங்கிக்குப் போனோம். கவுன்ட்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "கையெழுத்துப் போட வேண்டிய மூணு பேர்ல மத்த ரெண்டு பேர் எங்க சார்?" என்றார். இருவருமே காலமாகிவிட்டார்கள், அதில் ஒருவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. "அப்போ புது நிர்வாகிகளைப் பதிவாளர் ஆபீஸ்ல பதிஞ்ச பாரம் ஏழு கொண்டுவாங்க. அது இல்லாம நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லி எங்கள் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னது சரிதான்.

மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்தால், சங்கம் ஆண்டறிக்கை தாக்கல் செய்தே பதினோரு வருடம் ஆகியிருந்தது. மறைந்த செயலாளர் மேல் முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். அந்தப் பதினோரு வருடமும் நானும் அதில் உறுப்பினர். பொதுக்குழுவுக்குத் தவறாமல் போனவன். பொருளாளர் கணக்கு வாசிக்க எழுந்ததும் டீ வரும். நாங்கள் எல்லோரும் டம்ளரோடு திண்ணைக்கு வந்துவிடுவோம். உள்ளே, 'கணக்கு வாசிக்கப்பட்டு ஏகமனதாக ஏற்கப்பட்டது' என்று மினிட்ஸ் புத்தகத்தில் ஏறிவிடும். ஏகமனதில் என் மனதும் சேர்த்தி.

இது எங்கள் சங்கத்தின் கதை மட்டுமில்லை. திருப்பணிக் குழு, அன்னதானக் கமிட்டி, ஜமாஅத், திருச்சபை, முதியோர் இல்லம், ரத்ததானக் கழகம் என்று எதை எடுத்தாலும், நல்ல காரியத்துக்குக் கூடும் கை எழுத்துவேலைக்குக் கூடுவதில்லை. அந்த வேலை ஒரு செயலாளர் தலையிலும் அவருக்குத் தெரிந்த ஒரு ஆடிட்டர் தலையிலும் விழுகிறது. அவர்கள் சோர்ந்துபோகும் நாளில் அறக்கட்டளையும் சோர்ந்துபோகிறது.

சட்டம் என்றதும் நம்மில் பலருக்கு அது வெளியிலிருந்து வந்து ஏறிய சுமையாகத் தோன்றுகிறது. அறக்காரியத்துக்கு ஏன் இத்தனை பாரம், இத்தனை பதிவு என்கிறோம். நம் கோயில் சுவர்களைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சோழர் காலத்தில் ஒருவர் கோயிலில் நொந்தா விளக்கு என்ற அணையா விளக்கு எரிய ஏற்பாடு செய்ய நினைத்தால் 90 அல்லது 96 ஆடுகளைக் கொடுப்பார். அவற்றை மன்றாடிகள் என்ற இடையர்கள் பொறுப்பேற்று, நாள்தோறும் இன்ன அளவு நெய் என்று அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடுகள் என்று பெயர். ஆடு சாகும், கிழடாகும். மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. இன்று வருமான வரிச் சட்டம் 'கார்பஸ்' என்று சொல்லும் மூலநிதியின் இலக்கணமும் இதுதான். மூலநிதிக்கு என்று கொடுப்பவர் அதை எழுத்தில் சொல்ல வேண்டும். அந்தத் தொகையைத் தனியாக, அனுமதிக்கப்பட்ட முதலீட்டில் வைக்க வேண்டும். எழுத்தில் இல்லாவிட்டால் அது சாதாரண வரவாகிவிடும். வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்ற விதிக்குள்ளும் வந்துவிடும். பத்தாம் நூற்றாண்டுக் கொடையாளி கல்லில் வெட்டினார். நாம் ரசீதின் பின்பக்கம் ஒரு வரி எழுதச் சலித்துக்கொள்கிறோம்.

அதே கல்வெட்டுகள் பலவும் முடியும் இடம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 'பன்மாகேசுவர ரட்சை' என்று சிவன் கோயில்களிலும் 'ஸ்ரீவைஷ்ணவ ரட்சை' என்று பெருமாள் கோயில்களிலும் முடித்திருப்பார்கள். இந்தத் தர்மத்தைக் காக்கும் பொறுப்பு அடியார் கூட்டம் முழுவதற்கும் உரியது என்று பொருள். அதிகாரி, அர்ச்சகர், கொடையாளியின் வாரிசு என்று எவர் ஒருவரிடமும் அதை ஒப்படைக்கவில்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகவே நாம் பெருமை பேசுகிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாது என்றும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக்கூடாது என்றும் அவற்றில் இருப்பதை மேடையில் யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. சொன்னால் மேடையில் பாதிப்பேர் இறங்க வேண்டியிருக்கும்.

'எங்கள் மத விவகாரத்தில் அரசுக்கு என்ன வேலை' என்ற கேள்வி எல்லா மதத்தாரிடமும் உண்டு. நியாயமான கேள்விதான், அதற்கு அரசியல் சட்டத்தின் 26ஆம் பிரிவில் பதிலும் இருக்கிறது. அறநிறுவனங்களை அமைத்து நடத்தலாம், மதம் சார்ந்த காரியங்களைத் தாங்களே கவனித்துக்கொள்ளலாம், சொத்து வைத்துக்கொள்ளலாம், அந்தச் சொத்தை நிர்வகிக்கலாம். இந்த நான்கில் கடைசி உரிமையோடு மட்டும் 'சட்டப்படி' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1954இல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் விரித்துச் சொன்னது. அன்றைய சென்னை மாகாணத்தின் 1951ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தை எதிர்த்து எழுந்த வழக்கு அது. எந்தச் சடங்கு முக்கியம், எப்படிப் பூஜை செய்வது என்பதெல்லாம் மதத்தாரின் முடிவு. சொத்து நிர்வாகத்தை அரசு சட்டத்தால் ஒழுங்குபடுத்தலாம். ஆனால் நிர்வாக உரிமையையே முழுசாகப் பிடுங்கிவிட முடியாது. எழுபது வருடம் ஆகியும் இதைவிடத் தெளிவான கோட்டை வேறு யாரும் போடவில்லை. உண்டியல் காசை எண்ணித் தாளில் எழுதச் சொல்வதை மதத் தலையீடு என்பவரும், தாளை வைத்துக்கொண்டு கோயிலையே நடத்தப் பார்க்கும் அதிகாரியும் அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள்தான்.

கணக்குக் கேட்பது ஒரு மதத்துக்கு மட்டும் வந்த ஏற்பாடும் இல்லை. வக்ஃப் சொத்தை நிர்வகிக்கும் முத்தவல்லிகள் வரவு செலவைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் வக்ஃப் சட்டம் 1923இலேயே வந்துவிட்டது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் நீதிக்கட்சியின் பனகல் அரசர் இந்து அறநிலையச் சட்டத்துக்குப் போராடிக்கொண்டிருந்தார். அன்றும் எதிர்ப்பு இருந்தது. அன்றும் எதிர்த்தவர்களில் பாதிப்பேருக்குச் சாமியைப் பற்றிய கவலையைவிடச் சாவியைப் பற்றிய கவலைதான் அதிகம்.

நடைமுறைக்கு வருவோம். தமிழ்நாட்டில் அறப்பணி செய்ய விரும்புகிறவர்கள் பொதுவாக மூன்று வடிவங்களில் ஒன்றை எடுக்கிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்து டிரஸ்ட் தொடங்கலாம். ஏழு பேர் சேர்ந்து 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கம் தொடங்கலாம். கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் லாபநோக்கற்ற கம்பெனி தொடங்கலாம். டிரஸ்ட் எளிது, ஆனால் அறங்காவலர்கள் வைத்ததே சட்டமாகும். கம்பெனிக்குச் செலவு அதிகம், கட்டுப்பாடும் அதிகம். சங்கத்தில் எல்லோருக்கும் ஓட்டு உண்டு. அதனாலேயே சண்டையும் உண்டு. நான் சங்கத்தின் பக்கம். சண்டை போட இடமிருக்கும் அமைப்பில்தான் கேள்வி கேட்கவும் இடமிருக்கும்.

எதைத் தொடங்கினாலும் அதன்பின் வரும் வருடாந்தர வேலையில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். நிர்வாகிகள் மாறினால் பதிவாளருக்குத் தெரிவிப்பது, பொதுக்குழு கூட்டுவது, தணிக்கை செய்த கணக்கைத் தாக்கல் செய்வது எல்லாம் அதில் அடங்கும். வருமான வரி விலக்குக்கான பதிவு ஒரு காலத்தில் ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் போதும். 2021இலிருந்து அப்படியில்லை; எல்லோரும் மறுபதிவு செய்ய வேண்டியதாயிற்று, அதுவும் ஐந்து ஆண்டுக்கு மட்டும். சிறு அமைப்புகளின் குரல் கொஞ்சம் கேட்டிருக்கும்போல. ஆண்டு வருமானம் 5 கோடி ரூபாயைத் தாண்டாத அமைப்புகளுக்கு 2025இல் இதைப் பத்தாண்டாக்கினார்கள். ஆனால் புதுப்பிக்கத் தவறினால் வரும் அபாயம் பெரிது. அமைப்பு தன் அறத்தன்மையை விட்டுவிட்டதாகக் கருதி, அதுவரை சேர்ந்த சொத்தின் மதிப்புக்கே உச்சபட்ச விகிதத்தில் வரி போட விதி இருக்கிறது. தாத்தா காலத்தில் தானமாக வந்த நிலத்தில் பள்ளி நடத்தும் டிரஸ்ட் ஒன்று, ஒரு தேதியை மறந்ததற்காக அந்த நிலத்தின் இன்றைய மதிப்புக்கு வரி கட்ட நேரலாம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதில் 2025இல் இயற்றிய புதுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடப்பு என்பதால், பிரிவு எண்களை மனப்பாடம் செய்தவர்கள் மறுபடி படிக்க வேண்டும்.

பணம் கொடுப்பவர் பக்கமும் வேலை இருக்கிறது. நன்கொடைக்கான வரிச் சலுகை (பழைய எண்ணில் 80ஜி) வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. வாங்கிய அமைப்பு, கொடுத்தவர்கள் பட்டியலை மே 31க்குள் வரித்துறையில் ஏற்றிச் சான்றிதழ் தர வேண்டும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். 'ரசீதெல்லாம் எதுக்குங்க, நம்ம சாமிதானே' என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போகும் கொடையாளியைப் பார்க்கிறேன். அவர் அறியாமல் செய்வது, நேர்மையான பொருளாளரையும் நேர்மையற்ற பொருளாளரையும் ஒரே தட்டில் நிறுத்துவது.

வெளிநாட்டுப் பணத்தில் நம்மவர்கள் அடிக்கடி தடுக்கி விழுகிறார்கள். ஊரை விட்டுப் போன பிள்ளைகள் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்கும் பழைய பள்ளிக்கூடத்துக்கும் பணம் அனுப்புவது நம் வழக்கம். துபாயில் வேலை பார்க்கும் தம்பி, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. டொராண்டோவில் குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணன் அதே கோயிலுக்கு அதே தொகையை அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அவரிடம் ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான். அந்தப் பணத்தை வாங்க 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணம் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. முன்பு இது 50 ஆக இருந்தது. வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. ஆக, அண்ணனும் தம்பியும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்கள். சட்டத்தின் கண்ணில் ஒருவர் காசு உள்ளூர்க் காசு, மற்றவர் காசு அயல்நாட்டுக் காசு. இது தெரியாமல் தன் சொந்தக் கணக்கில் அண்ணன் காசை வாங்கிக் கமிட்டிக்குக் கொடுக்கும் மச்சான்களால் எத்தனை திருப்பணிக் குழுக்கள் சிக்கலில் மாட்டுகின்றன!

இந்தச் சட்டத்தின் கடுமையில் எனக்கு முழுக்க உடன்பாடு இல்லை. சிறு அமைப்பு பெரிய அமைப்பிடமிருந்து பணம் பெற்றுக் கிராமத்தில் வேலை செய்யும் வழியை 2020 திருத்தம் அடைத்துவிட்டது. அன்னை தெரசாவின் அமைப்புக்கே 2021 டிசம்பரில் புதுப்பிப்பு மறுத்து அடுத்த மாதம் கொடுத்தார்கள். உலகமே பார்க்கும் அமைப்புக்கு இரண்டு வாரத்தில் கிடைத்தது, ஒரு தாலுகாத் தொண்டு நிறுவனத்துக்கு எத்தனை வாரம் ஆகும்? உச்ச நீதிமன்றம் 2022இல் அந்தத் திருத்தங்கள் செல்லும் என்று சொல்லிவிட்டது. செல்லும் சட்டமும் கடுமையான சட்டமாக இருக்கலாம். அதை மாற்றக் கேட்போம், மாறும்வரை பின்பற்றுவோம். கணக்கைச் சுத்தமாக வைத்திருப்பவர் கேட்டால்தான் அந்தக் கோரிக்கைக்கும் எடை.

பணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஏர்வாடியை மறந்ததாகிவிடும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவுக்கு மனநோய் தீர வந்தவர்களை வைத்துத் தனியார் நடத்திய காப்பகங்களில் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். நம்பிக்கையோடு வந்தவர்கள், நம்பி விட்டுப்போன குடும்பங்கள். சங்கிலியை அந்த ஊருக்கு வந்துபோன ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்கிறார்கள். இடத்துக்கு உரிமம் உண்டா, வெளியேற இரண்டாவது வழி உண்டா என்று கேட்பது யார் வேலையாகவும் இல்லாமல் போனது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலி போடுவதைத் தடை செய்தது, பதினாறு ஆண்டு கழித்து.

'சேவைதானே செய்கிறோம், எங்களுக்கு எதற்கு லைசென்ஸ்' என்ற பேச்சு இந்த இடத்தில் ஆபத்தானது. குழந்தைகளை வைத்துப் பராமரிக்கும் இல்லம் எதுவானாலும் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிய வேண்டும். பதியாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம் அல்லது இரண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் லாபத்துக்காக ஆனாலும் இல்லாவிட்டாலும் உணவுத் தொழில் உணவுத் தொழில்தான். அன்னதானக் கூடத்துக்கும் அது பொருந்தும். பத்துப்பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பெண்கள் புகார் சொல்ல உள்ளகக் குழு வேண்டும். சம்பளம் வாங்காத தொண்டரும் அந்தச் சட்டத்தில் ஊழியர்தான். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். 'நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும், உள்ளுக்குள்ளேயே பேசி முடிப்போம்' என்று மறைத்தால், மறைத்த நிறுவனத் தலைவருக்கே ஓராண்டு வரை சிறை உண்டு. பாடசாலை, மதரசா, ஞாயிறு வகுப்பு எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம்.

இத்தனையும் ஒரு செயலாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? இல்லை. அதனால்தான் இதைப் பகிர்ந்துகொள்ளச் சொல்கிறேன். பதிவுத்துறை, ஒரு சங்கம் ஓராண்டில் செய்ய வேண்டியதை எல்லாம் நாலு பக்கத்தில் நல்ல தமிழில் அச்சடித்து, பதிவுச் சான்றிதழோடு சேர்த்துக் கொடுக்கலாம். மாவட்டத்துக்கு ஆண்டுக்கொரு முகாம் நடத்தி, பல வருடம் விட்டுப்போன அறிக்கைகளை ஒரேயடியாகத் தாக்கல் செய்ய வாய்ப்புத் தரலாம். ஆங்கிலத்தில் மட்டும் பேசும் இணையதளங்களைத் திருத்தலாம். கோயில்கள் ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டில் கணக்கெழுத, வரித்துறை ஏப்ரலில் தொடங்கும் ஆண்டில் கேட்கும் விசித்திரத்தைப் பற்றி யாராவது இருவர் உட்கார்ந்து பேசலாம். வழக்கறிஞர்களும் ஆடிட்டர்களும் ஆளுக்கொரு சிறு அமைப்பைக் கட்டணமின்றித் தத்தெடுத்தால் ஒரு மாவட்டமே தலைநிமிரும். அரசுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு: தாமதமாகத் தாக்கல் செய்தவரையும் திருடியவரையும் ஒரே நோட்டீஸால் மிரட்டாதீர்கள்.

உறுப்பினர்களின் பங்கு இதில் எல்லாவற்றையும்விடப் பெரிது. பொது அறக்கட்டளையில் தவறு நடக்கிறதென்றால், அதில் அக்கறையுள்ள இரண்டு பேர் நீதிமன்ற அனுமதியோடு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் வழக்குப் போட்டுக் கணக்குக் கேட்கலாம். அறநிலையத் துறைச் சட்டத்துக்கு உட்பட்ட கோயில்களுக்கு அந்தச் சட்டத்திலேயே தனி வழி இருக்கிறது. பெரும்பான்மை வேண்டாம், பதவி வேண்டாம்; இரண்டு பேர் போதும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் நீதிமன்றம் வரை போகத் தேவையில்லாதபடி பார்த்துக்கொள்ளும் இடம் பொதுக்குழுதான்.

எங்கள் சங்கத்தின் பாரம் ஏழு ஒருவழியாகப் பதிவாயிற்று. பழைய உறுப்பினர் பதிவேட்டைத் தேடி, செயலாளர் வீட்டுப் பரணிலிருந்து கரையான் தின்ற மினிட்ஸ் புத்தகத்தை எடுத்து, பொதுக்குழுவைக் கூட்டி, பதினோரு வருடக் கணக்கை ஒரு ஆடிட்டர் உட்கார்ந்து எழுதி முடிக்க ஏழு மாதம் பிடித்தது. அதற்குள் இன்னொரு மழைக்காலம் வந்து, கீழடுக்கில் இருந்த புத்தகங்கள் நனைந்துவிட்டன.

உங்கள் ஊரிலும் நீங்கள் உறுப்பினராக உள்ள ஒரு சங்கமோ கமிட்டியோ இருக்கும். இந்த வருடப் பொதுக்குழு என்றைக்கு என்று விசாரியுங்கள். போய் உட்காருங்கள். பொருளாளர் கணக்கு வாசிக்க எழும்போது டீ வந்தால், டம்ளரை வாங்கிக்கொண்டு அங்கேயே இருங்கள்.